சும்மா எதுவும் வலிக்காது

டாக்டரம்மாவின் வலது கட்டைவிரலில் பாதி நகம்தான் இருந்தது. மீதி இடத்தில் தோல் தடித்துச் சுருங்கி, வேகவைத்த சேப்பங்கிழங்கு மாதிரி இருக்கும். புதிதாக வருகிற நோயாளிகள் அதையே பார்ப்பார்கள். அவர் மறைக்கமாட்டார். நாடி பிடிக்கும்போது அந்த விரல்தான் மேலே தெரியும். "என்னம்மா ஆச்சு?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், கையிலிருப்பதை மேசையில் வைத்துவிட்டு விலாவாரியாகச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். வரிசையில் நிற்கிறவர்கள் நிற்கவேண்டியதுதான். அந்தக் கதையை நூறு தடவையாவது கேட்டிருப்பேன். அதில் நானும் வருவேன். என் பங்கை அவர் ஒரு நாளும் கூட்டியும் சொன்னதில்லை, குறைத்தும் சொன்னதில்லை.

கேமரன் மலையில், ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தாவுக்குப் போகிற சாலையோரம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் டிரெசராக இருந்தேன். தோட்டத்து மருந்துக் கொட்டகை என் பொறுப்பு. புண்ணுக்குக் கட்டுப் போடுவேன், காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பேன், யார் என்ன நோயோடு வந்தார்கள் என்று நாள்தோறும் ஒரு தடித்த புத்தகத்தில் எழுதிவைப்பேன். வாரத்துக்கு ஒருநாள் வெளியிலிருந்து ஒரு டாக்டர் வருவார். எழுபதுகளின் நடுவில் பழைய டாக்டர் ஓய்வுபெற்றுப் போனதும் இந்த அம்மா வந்தார். அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். ஈப்போக்காரர். அப்பா ரயில்வேயில் கிராணி, அதாவது எழுத்தர். மதராசில் படித்தவர். சேலையை முழங்காலுக்குச் சற்றுக் கீழ்வரை ஏற்றிச் செருகிக்கொண்டு, ஆண்கள் போடுகிற ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். மேலே ஒரு கம்பளிச் சட்டை. முழங்கையில் ஓட்டை.

பழைய டாக்டர் ஒரு மணி நேரத்தில் நாற்பது பேரைப் பார்த்துவிடுவார். நாக்கை நீட்டச் சொல்வார், என்னைப் பார்ப்பார், நான் மாத்திரையை எடுத்துவிடுவேன். அந்தப் பழக்கத்தில்தான் நான் முதல் நாள் நோயாளிகளை வரிசையாக நிறுத்தியிருந்தேன். முதலில் வந்தது அஞ்சலை. புல் சாக மருந்தடிக்கிற பெண்கள் பன்னிரண்டு பேருக்கு அவள்தான் தலைவி மாதிரி. நாற்பது வயது, வெடுக்கென்று பேசுவாள்.

"என்ன செய்யுது?"

"சும்மா ஒடம்பு வலிங்கம்மா."

"சும்மா எதுவும் வலிக்காது. எங்க வலிக்குது, எப்ப ஆரம்பிச்சுச்சு, என்ன வேல செய்யிற? உக்காந்து சொல்லு."

அஞ்சலை என்னைப் பார்த்தாள். அந்த அறையில் நோயாளி உட்கார நாற்காலியே கிடையாது. டாக்டரம்மா எழுந்து தன் நாற்காலியை அவள் பக்கம் தள்ளிவிட்டு நின்றுகொண்டார். அன்று இருட்டும்வரை பதினொரு பேரைத்தான் பார்த்தார். மற்றவர்களை என்ன செய்வது என்று கேட்டேன். "நாளைக்கு வரேன்" என்றார். அவருக்கு வாரத்தில் ஒருநாள்தான் முறை. மறுநாளும் வந்தார்.

'சும்மா' என்ற சொல்லின் மேல் அவருக்கு இருந்த பகையை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. வயசானாலே மூட்டு வலிக்கும், மலை என்றாலே சளி பிடிக்கும், பிள்ளை என்றாலே பேதியாகும் என்றெல்லாம் நாங்கள் பேசுகிற பேச்சு அவருக்கு ஆகாது. பெண்கள் ஒருநாள் துணிந்து, ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்டுவிட்டார்கள். "வந்தவன் எல்லாம் சும்மா வந்தான்" என்றார். கொட்டகையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. உண்மையாகவே பதில் சொல்லியிருந்தார்.

மருந்தடிக்கிற பெண்களுக்கு மூக்கில் ரத்தம் வரும். நகம் வெளுத்து, கோடு விழுந்து, சிலருக்குக் கழன்றே போகும். அதை நாங்கள் நோயாகவே நினைத்ததில்லை. கொழுந்து எடுக்கிறவளுக்கு விரல் நுனி கறுக்கிற மாதிரி மருந்தடிக்கிறவளுக்கு நகம் போகும், அவ்வளவுதான். டாக்டரம்மா மூன்று வாரம் அந்தப் பன்னிரண்டு பேரின் கைகளை மட்டும் படம் வரைந்து வைத்தார். பிறகு சாமான் கொட்டகைக்குப் போய் ஒரு காலி மருந்து டின்னை எடுத்துவந்தார். டின்னில் மண்டையோடு படம். அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு பத்தி. அதை உட்கார்ந்து தமிழில் எழுதினோம். மறுநாள் காலைப் பெரட்டில், எல்லாரும் பெயர் கொடுக்கக் கூடியிருக்கும்போது, என்னைப் படிக்கச் சொன்னார்.

தோலில் படக்கூடாது. காற்றுக்கு எதிரே நின்று அடிக்கக்கூடாது. கையுறை போடவேண்டும். சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும். பின்னாலிருந்து அஞ்சலை கேட்டாள்: "மல மேல கை கழுவத் தண்ணிக்கு எங்கலா போறது டிரெசரு? முதுகுல இருக்குற பம்புலதான் தண்ணி இருக்கு."

அன்று மத்தியானம் மேனேஜர் டாக்டரம்மாவைக் கூப்பிட்டனுப்பினார். மேனேஜர் மரியாதையானவர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. தொழிலாளர்களை வீணாகப் பயமுறுத்திவிட்டீர்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். "பயப்படவேண்டிய விஷயத்துக்குத்தான் பயந்தார்கள்" என்று இவரும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வந்தார். வந்த கையோடு ஓர் அறிக்கை எழுதிக் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார்.

இனி என் பங்கு. பத்து நாள் கழித்துப் பெரிய கிராணி என்னை ஆபீசுக்கு அழைத்து, தட்டச்சு செய்த தாள் ஒன்றைத் தந்தார். மூக்கில் ரத்தம் வருவது மலைக்குளிராலும் வெற்றிலை போடும் பழக்கத்தாலும். நகம் போவது ஈரத்தில் வேலை செய்வதால். மருந்துக் கொட்டகைப் பொறுப்பாளர் என்ற முறையில் இதை உறுதி செய்கிறேன். கீழே என் பெயர். எனக்கு இரண்டு பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். குடியிருந்தது தோட்டத்து வீடு. யோசிக்க நேரம் எடுத்துக்கொண்டேன் என்று சொல்ல ஆசைதான். இல்லை. பேனாவைக்கூடப் பெரிய கிராணிதான் தந்தார்.

அடுத்த வாரம் டாக்டரம்மா அந்தத் தாளின் நகலோடு வந்தார்.

"இது உங்க கையெழுத்துதானா?"

"ஆமா டாக்டர்."

"இதுல இருக்குறத நம்புறீங்களா?"

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "சரி, பேப்பருக்குப் பேப்பர்னு போனா இது முடியாது" என்றார். "எனக்கு மூணு வாரம் லீவு இருக்கு. நான் பம்பு தூக்கப் போறேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். திங்கட்கிழமை பெரட்டில் அஞ்சலைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். வேலை வாங்குகிற மண்டோர் பயந்துபோய் மேனேஜரிடம் ஓடினார். மேனேஜர் சிரித்தாராம். மத்தியானத்துக்குள் இறங்கிவிடுவார், பெரிய பம்பாகவே கொடு என்றாராம்.

மத்தியானம் அவர் இறங்கவில்லை. பம்பு நிரம்பினால் ஒரு சின்னப் பிள்ளையின் கனம் இருக்கும். மூடி சரியாகப் பொருந்தாது. ஏறும்போது முதுகில் வழியும், இறங்கும்போது கழுத்தில் தெறிக்கும். பெண்கள் எதைப் போட்டுக்கொண்டு போனார்களோ அதையே போட்டுக்கொண்டு போனார். பழைய சாக்கு, தலையில் துணி, வெறுங்கை. கையுறை அவரிடம் இருந்தது. போடவில்லை. "டாக்டர், தெரிஞ்சே செய்யிறீங்களே, இது விஷம்னு நீங்கதானே சொன்னீங்க" என்று கெஞ்சினேன். "அவங்களும் இப்பத் தெரிஞ்சேதான் செய்யிறாங்க" என்றார்.

இரண்டாம் வாரத்தில் ஒருநாள் சரிவில் நிற்கும்போது அவருக்கு மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. அஞ்சலை அவரை உட்காரவைத்து, தலைத்துணியால் துடைத்துவிட்டு, அழுதாள். "எங்களுக்கு வந்தா வந்துட்டுப் போவுது, ஒங்களுக்கு என்னத்துக்குமா?" என்று கேட்டாளாம். அதற்கு அவர், "எத்தன மணி ஆச்சுன்னு பாரு, எழுதணும்" என்றாராம். மூன்றாம் வார முடிவில் பத்து விரல் நகங்களும் சாம்பல் நிறமாகியிருந்தன. வலது கட்டைவிரல் நகம் வேரோடு தூக்கிக்கொண்டு நின்றது.

சனிக்கிழமை மாலை என்னையும் கூட்டிக்கொண்டு மேனேஜர் பங்களாவுக்குப் போனார். மேனேஜர் வெளியே புல்தரையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். வெள்ளை விரிப்புப் போட்ட மேசை. டாக்டரம்மா உட்காராமல் இரண்டு கைகளையும் அந்த விரிப்பின்மேல் விரித்துவைத்தார்.

"நான் வெற்றிலை போடுவதில்லை" என்றார். "குளிரும் எனக்குப் புதிதில்லை."

மேனேஜர் கோப்பையைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் கைகளையே பார்த்தார். அவருக்கும் அது சங்கடமாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். பிறகு, நீங்கள் மருந்தைச் சரியான முறையில் அடித்திருக்கமாட்டீர்கள் என்றார்.

"உங்கள் மண்டோர் சொல்லிக்கொடுத்த முறையில்தான் அடித்தேன்."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "நீ என்ன எழுதினாய் என்று டாக்டரிடம் சொல்" என்றார். நான் மேசைமேல் இருந்த சீனிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சொன்னதையும் செய்யவில்லை, எழுதியது பொய் என்றும் சொல்லவில்லை. டாக்டரம்மா எனக்காகக் காத்திருந்தார். பிறகு கைகளை எடுத்துக்கொண்டு நடந்தார். விரிப்பில் ஒரு துளி ரத்தம் இருந்தது.

அந்த ஆண்டோடு அவருடைய பொறுப்பு முடிந்தது என்று கடிதம் வந்தது. தோட்டத்து எல்லைக்குள் அனுமதியின்றி வரக்கூடாது என்றும் அதில் இருந்தது. ஆனால் அடுத்த மாதமே பெண்களுக்குக் கையுறையும் பூட்ஸும் வந்தன. மாசமாக இருப்பவர்களை மருந்தடிப்பிலிருந்து எடுத்தார்கள். யாருடைய பெயரையும் சொல்லாமல் செய்தார்கள். நான் சந்தோஷமாக அவரிடம் போய்ச் சொன்னேன். "கையுற போட்டா மருந்து தண்ணியா மாறிடுமா? வெயில்ல வேர்த்து அதக் கழட்டத்தான் போறாங்க" என்றார். அவரைத் திருப்திப்படுத்தவே முடியாது. அது சில சமயம் எனக்கு எரிச்சலாகக்கூட இருக்கும்.

தானா ராத்தாவில் ஒரு பாயின் சாப்பாட்டுக்கடைக்கு மேலே அறை எடுத்துக் கிளினிக் வைத்தார். கீழே ரொட்டி தட்டுகிற சத்தம், மேலே இவர் கேள்வி கேட்கிற சத்தம். பாய் அவருக்குத் தினமும் மத்தியானச் சாப்பாடு அனுப்புவார். அவர் நின்றுகொண்டே சாப்பிடுவார். "டாக்டர் உக்காந்து ஒரு வாய் சாப்பிட்டத நான் பாத்ததே இல்ல" என்பார் பாய்.

புதன்கிழமை மாலை மட்டும் தன் பழைய காரை ஓட்டிக்கொண்டு எங்கள் தோட்டத்து வாசல் வளைவுக்கு வருவார். சாலை அரசாங்கத்தது, தோட்டத்தது இல்லை. காரின் பின்பக்கத்தைத் திறந்துவைத்தால் அதுதான் மருந்துக் கொட்டகை. ஒரு முக்காலி, ஒரு குடை. முதல் வாரம் வாசல் காவல்கார ஜாகா ஓடிவந்தார்.

"அம்மா, இந்தப் புல்லு தோட்டத்துதுமா. தள்ளி உக்காருங்க, எனக்கு ஏச்சு விழும்."

"வாய்க்கா யாருது?"

ஜாகா யோசித்தார். "வாய்க்கா கவர்மெண்டு."

டாக்டரம்மா வாய்க்காலின் குறுக்கே ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கீழே தண்ணீர் ஓடும், மேலே வைத்தியம் நடக்கும். நோயாளிகள் தாரில் நின்றார்கள். லோரிகள் உரசிக்கொண்டு போகும். ஆறு வருடத்துக்கும் மேல் மழையிலும் பனியிலும் அப்படியே நடந்தது. நானும் போவேன். என் கையிலிருந்த மருந்துகளைக் கொண்டுபோய்க் கொடுப்பேன். வாங்கிக்கொள்வார். அந்தத் தாளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார். கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளுக்கு மேலே இருந்த காட்டு மலையை ஒரு குத்தகைக்காரர் காய்கறி போட எடுத்தார். இயந்திரங்கள் ஏறின. காலையில் மூடுபனி விலகினால் மலை சிவப்பாகத் தெரியும். லைன்களுக்குத் தண்ணீர் அந்த மலையின் ஓடையிலிருந்துதான் வந்தது. ஓடையைத் தடுத்து ஒரு தொட்டி, அங்கிருந்து குழாய். மழைக்காலத்தில் குழாயில் தேத்தண்ணி நிறத்தில் வர ஆரம்பித்தது. பெண்கள் துணியில் வடிகட்டினார்கள். பிள்ளைகளுக்குச் சொறி வந்தது, பேதி வந்தது. என் புத்தகத்தில் அதற்கு முன் ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு இடத்தில் வயிற்றுப்போக்கு என்று இருக்கும். இப்போது பக்கம் முழுக்க அதையே எழுதினேன்.

அஞ்சலையின் மகளுக்கு ஒன்பது மாதக் கைக்குழந்தை இருந்தது. இரண்டு நாள் பேதியில் கண் உள்ளே போய்விட்டது. நான் உப்பும் சீனியும் கரைத்துக் கொடுத்தேன். தோட்டத்து லோரி கிடைத்துத் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அஞ்சலையின் மடியிலேயே உயிர் போய்விட்டது. உப்பும் சீனியும் கரைத்த தண்ணீர் எங்கிருந்து எடுத்தது என்று யோசிக்க எனக்கு அப்போது தோன்றவில்லை. கொதிக்கவைத்த தண்ணீர்தான். ஆனாலும் இன்றுவரை அதை நினைக்காமல் இருக்கமுடிவதில்லை.

அன்று டாக்டரம்மா வாசலில் காரை நிறுத்தவில்லை. நேராக உள்ளே ஓட்டினார். ஜாகா குறுக்குக் கட்டையைத் தூக்கிவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார். டாக்டரம்மா அஞ்சலை வீட்டுக்குப் போய், குழந்தையைப் பார்த்து, அஞ்சலையின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு சமையல்கட்டில் இருந்த தண்ணீர்ப் பானைக்குள் கையைவிட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுத்தார். விரலிடுக்கில் செம்மண் வழிந்தது.

"நாளைக்கு மல ஏறணும். யாரு வரீங்க?"

அஞ்சலைதான் முதலில் எழுந்தாள். குழந்தையைப் புதைத்த மறுநாள் காலை டாக்டரம்மா, அஞ்சலை, நான் மூன்று பேரும் ஏறினோம். மேலே மரம் என்று ஒன்று இல்லை. படி படியாக வெட்டிய மண், கோழி எரு மூட்டைகள், முட்டைக்கோஸ் நாற்று. எங்கள் தொட்டி பாதிக்குமேல் சேறு. அதற்கு மேலே, ஓடைக்குள்ளேயே, பூச்சிமருந்து பம்புகளைக் கழுவுகிற இடம். காலி டின்கள் பாறை இடுக்கில் செருகிக் கிடந்தன. மண்டையோடு படம் போட்டவை. டாக்டரம்மாவுக்கு மூச்சு வாங்கியது. அந்த மூன்று வாரத்துக்குப் பிறகு அவருக்கு ஏற்றம் ஒத்துக்கொள்வதில்லை, கடைசிவரை இருமிக்கொண்டேதான் இருந்தார். டின்களைப் பொறுக்கிச் சேலைத் தலைப்பில் கட்டிக்கொண்டார்.

அதன்பிறகு அவர் செய்த வேலையை வைத்தியம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். எட்டு மாதம் அலைந்தார். ஒவ்வொரு லைனாகப் போய் மனுவில் கைநாட்டு வாங்கினார். காட்டு இலாகா, தண்ணீர் இலாகா, சுகாதார இலாகா என்று ஒவ்வொரு படியாக ஏறினார். ஒவ்வோர் அலுவலகத்திலும், டாக்டர், உங்கள் வேலை மருந்து கொடுப்பது, இது ஏன் உங்களுக்கு என்றார்கள். "மருந்துதான் குடுக்குறேன்" என்று மலாயில் திருப்பிச் சொல்வார். "எத்தன பிள்ளைக்குக் குடுத்தாலும் நோவு மல மேல உக்காந்திருக்கு." கிளினிக்கின் கண்ணாடியை யாரோ கல்லால் அடித்தார்கள். புதுக் கண்ணாடி மாட்ட ஆள் கூப்பிடவா என்று பாய் கேட்டதற்கு, வேண்டாம், வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று அட்டையை ஒட்டிவைத்தார்.

கடைசியில் தானா ராத்தாவில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் விசாரணை வைத்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி. இந்தப் பக்கம் குத்தகைக்காரரின் ஆள், தோட்டத்தின் சார்பில் பெரிய கிராணி, நான். குத்தகைக்குவிட்டதில் தோட்டத்துக்கும் பங்கு இருந்தது. எதிரே டாக்டரம்மாவும் அஞ்சலையும் லைன் ஆட்கள் ஏழெட்டுப் பேரும். அதிகாரி நியாயமாகத்தான் கேட்டார். இந்த நோய்கள் தண்ணீரால் வந்தவை என்பதற்கு என்ன சாட்சி?

பெரிய கிராணி எழுந்தார். தோட்டத்து மருத்துவக் குறிப்புகளில் வழக்கத்துக்கு மாறாக எதுவும் இல்லை என்று, நான் கையெழுத்துப் போட்ட சுருக்கத் தாளை நீட்டினார். ஆமாம், மறுபடியும் போட்டிருந்தேன். முந்தின நாள் மாலை.

அதிகாரி தாளைப் பார்த்துவிட்டு, டிரெசர் யார் என்றார். நான் எழுந்தேன். அப்போது டாக்டரம்மா என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அஞ்சலைதான் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் உட்கார்ந்திருப்பேன். மருந்து வாங்க வந்து நிற்கிறவள் மாதிரி பார்த்தாள்.

என் பையில் அந்தத் தடித்த புத்தகம் இருந்தது. காலையில் ஏன் அதை எடுத்துப் பையில் வைத்தேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. எடுத்து மேசையில் வைத்தேன். காட்டை வெட்டுவதற்கு முன் எழுதிய ஒரு பக்கத்தைத் திறந்து படித்தேன். வெட்டியபின் எழுதிய ஒரு பக்கத்தைப் படித்தேன். பிள்ளைகளின் பெயர், வயது, நோய். பெரிய கிராணி என் சட்டையைப் பிடித்து இழுத்தார். அஞ்சலையின் பேத்தி பெயர் வந்ததும் நிறுத்திவிட்டேன். தண்ணீர் குடித்துவிட்டு மேலும் படித்தேன். முடித்தபிறகு சொன்னேன்: "அந்தச் சுருக்கத் தாள் பொய். ஏழு வருஷத்துக்கு முந்தி நகம் போனதப் பத்தியும் ஒரு தாள்ல கையெழுத்துப் போட்டேன். அதுவும் பொய்."

அந்த இரண்டாவது விஷயம் விசாரணைக்குத் தேவையில்லாதது. அதிகாரி குழம்பிப்போய், எந்த நகம் என்று கேட்டார். டாக்டரம்மா கையைத் தூக்கிக் காட்டினார்.

வெளியே படியில் இறங்கும்போது அவர் என் பக்கத்தில் வந்தார். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன், பொய் சொல்வானேன். "ஏழு வருஷம் எடுத்துக்கிட்டீங்க" என்றார். பிறகு, "வாங்க, பாய் கடையில தேத்தண்ணி குடிப்போம்" என்றார். போய் நான் உட்கார்ந்தேன். அவர் நின்றுகொண்டு குடித்தார்.

தொட்டிக்கு மேலே இனிமேல் ஒரு மரமும் வெட்டக்கூடாது, ஓடையில் எதையும் கழுவக்கூடாது என்று உத்தரவு வந்தது. தொட்டியைத் தூர்வாரினார்கள். அதற்குள் பாதி மலை போயிருந்தது. எனக்குத் தோட்டத்தில் வேறு டிவிஷனுக்கு மாற்றல் கடிதம் வந்தது. மாத முடிவில் போகவேண்டும், சின்ன வீடு. என் மனைவி பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டே, "அன்னைக்கே உண்மையச் சொல்லியிருந்தா சின்ன வீடு இந்நேரம் பழகியிருக்கும்" என்றாள்.

மாரியம்மன் கோயிலில் பொங்கல் வைத்து டாக்டரம்மாவுக்கு மாலை போட ஏற்பாடு செய்தார்கள். வந்தார். பொங்கல் சாப்பிட்டார். மாலையை வாங்கவில்லை. மலையைக் கைகாட்டி, "அங்க பாதி மொட்டையா நிக்குது, நான் மால போட்டுக்கிட்டு நிக்கவா?" என்றார். மாலை கட்டின பெண்ணுக்கு முகம் வாடிவிட்டது. அதெல்லாம் அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும் மாற்றியிருக்கமாட்டார்.

அடுத்த புதன்கிழமை வாய்க்கால் பலகையில் உட்கார்ந்து ஒரு பிள்ளையின் காதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கோலா தெர்லா பக்கத்தில் ஓர் ஓடைக்கு மேலே மரங்களில் சிவப்பு மை அடித்திருக்கிறார்கள். வெட்டப்போகிறார்கள் என்று அர்த்தம். அந்த ஓடையை நம்பி ஒராங் அஸ்லி பழங்குடிக் குடும்பங்கள் இருக்கின்றன. நாளைக் காலை தான் அங்கே போகப்போவதாகவும் சொன்னார். வா என்று யாரையும் கூப்பிடவில்லை.

மறுநாள் காலைப் பெரட்டில் மண்டோர் பெயர் கூப்பிட்டார். நான் மருந்துக் கொட்டகையைத் திறந்துகொண்டிருந்தேன். அஞ்சலை என்று கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. மருந்து பம்புகளில் ஏழு வரிசையாகத் தரையில் இருந்தன, தூக்க ஆள் இல்லை. ஏழு பெண்கள் வாசலை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தார்கள். வளைவில் டாக்டரம்மாவின் கார் நின்றது. இவர்கள் வருவது அவருக்கே தெரியாது போலிருக்கிறது. சக்கரத்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு நான்கு கதவுகளையும் திறந்துவிட்டார்.

நான்கு பேர் உட்காரும் காரில் ஏழு பேரும் ஏறினார்கள். ஒருத்தி மடியில் ஒருத்தி. மண்டோர் மூச்சிறைக்க ஓடினார்.

"ஏய், எங்க போறீங்க? இன்னைக்குப் பேரு போடமாட்டேன். துரைக்குத் தெரிஞ்சா நாளைக்கு வேலையே இருக்காது, பாத்துக்குங்க."

கடைசியாக ஏறிய அஞ்சலை, கதவைச் சாத்துமுன் தலையை வெளியே நீட்டினாள்.

"வேல இல்லாட்டி தெனமும் போவோம் மண்டோரே."